டிசம்பர் ஆறுக்கு எட்டு வரி

எனக்குக் கொடுத்த இடம் எட்டு வரி.
கோட்காத் துறைமுகத்தில் பனியும் மழையும் கலந்து விழுகிறது.
ஒன்பதரைக்கு அச்சகம் பக்கத்தைக் கேட்கும்.
நாளை என்னவெல்லாம் நடந்தது என்பதை
நான் இன்று இரவு தீர்மானித்தாக வேண்டும்.

முதல் இரண்டு வரியில் எனக்கு அதிகாரம் இல்லை:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு, ஹெல்சிங்கி,
நூறுக்கு எண்பத்தெட்டு, விடுதலை.
அந்த எண்பத்தெட்டுப் பேரும் விடுதலையைத்தான் கேட்டார்கள்,
வேறு வழியில்.
அதைச் சொல்ல எந்த வருடமும் இடம் இருந்ததில்லை.

பெயர் நாளுக்கு ஒரு வரி: நீலோ, நிக்கோ, நிக்லாஸ்.
பிறந்தநாளுக்கு இரண்டு.
கர்ஹுலாவின் லெம்பி ஹுர்மே, எண்பது.
‘வெளியூர்ப் பயணம்’ என்று போடச் சொன்னார்.
வீட்டில்தான் இருப்பார்.
வாழ்த்த வந்து கதவைத் தட்டாதீர்கள் என்பதற்கு
எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதையான பொய்.
கிரேன் ஓட்டும் ஆர்வோ சீதொனென், ஐம்பது.
“நான் பிறந்த நாளுக்கு ஊரெல்லாம் கொடி ஏற்றுகிறார்கள்,
ஒரு கேக் கடை திறந்திருப்பதில்லை”
என்று போனில் சிரித்தார்.
சிரிப்பை வரியில் சேர்க்க முடியாது.

மிச்சம் மூன்று.
வாஷிங்டனில் ஒரு நெடுந்தூணுக்கு உச்சிக்கல் வைத்தது.
மாண்ட்ரியாலில், பொறியியல் கல்லூரியில்,
கொல்லப்பட்ட பெண்கள், பதினான்கு பேர்.
அப்புறம் ஹாலிஃபாக்ஸ்.

அதே வருடம். அதே வியாழக்கிழமை.
இங்கே மதியம் கை தூக்கி எண்ணிய பொழுதுக்கு
அங்கே காலை,
துறைமுகத்தில் ஒரு கப்பல் எரிந்துகொண்டிருந்தது.
வயிற்றில் வெடிமருந்து என்று யாருக்கும் தெரியாது.
புகை அழகாக இருந்திருக்க வேண்டும்.
தோசைக்கல்லோ வாணலியோ அடுப்பில் கிடக்க
வீடு வீடாக ஜன்னலுக்கு வந்தார்கள்,
பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள்.
ஒன்பது மணி தாண்டி நாலு நிமிடம்.
கண்ணாடி முதலில் போய்ச் சேர்ந்தது
பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்குத்தான்.

நான் அதைத் தட்டச்சு செய்தேன்.
தௌனோ பின்னால் நின்று படித்தார்,
காப்பியை ஊதிக்கொண்டே.
“கொடி நாளில் இது வேண்டாம்.
அந்த உச்சிக்கல் நன்றாக இருக்கிறதே.”
உச்சிக்கல்லைப் போட்டேன்.
மூன்று வரிக்கு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

மறுநாள் என் மகன் எலியெலுக்கு ஏழு வயது.
பத்திரிகையைத் தரையில் விரித்துத் தன் பெயரைத் தேடினான்.
ஐம்பது ஆனால்தான் போடுவோம் என்றேன்.
“அப்போது நீ அங்கே வேலை பார்ப்பாயா?”
விரல் விட்டுக் கணக்குப் போட்டான்,
விரல் போதவில்லை.
“விடுதலைக்கு என் பிறந்தநாள் என்று தெரியுமா?”
தெரியாது, எலியெல்.
எந்தக் கப்பலுக்கும் தெரியாது,
எந்தத் தூணுக்கும்.
ஒரே கட்டத்துக்குள் எல்லோரும் குடியிருக்கிறார்கள்,
ஒருவர் வீட்டுச் சத்தம் மற்றவருக்குக் கேட்காமல்.

மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
ஆறு மணிக்கு வழக்கம்போல
ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி.
எதிர் வீட்டில் இரண்டு, அதற்கு மேல் மாடியில் இரண்டு,
துறைமுகம் வரை தெரு முழுக்க
இரண்டிரண்டாக.
தண்ணீரில் ஏதோ ஒரு கப்பல் விளக்கோடு நகர்ந்தது.
அதைப் பார்க்க அவன் மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினான்.

கொஞ்சம் தள்ளி நில், என்றேன்.

“நெருப்பு தூரத்தில்தானே இருக்கிறது” என்று
மெழுகுவர்த்தியைக் காட்டினான்.
ஆமாம் என்றேன்.
இருந்தாலும் தோளைப் பிடித்து ஓரடி இழுத்தேன்.
கண்ணாடியில் அவன் மூச்சு மட்டும்
ஒரு சின்ன வட்டமாய்
இரண்டு சுடருக்கும் நடுவே நின்றது,
பிறகு ஓரங்களிலிருந்து
குறையத் தொடங்கியது.